அத்தையின் கம்ப்யூட்டர்

கல்யாணமாகிப் பெங்களூர் போன அத்தை, இரண்டாம் வருஷமே எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டாள். கையில் ஒரு பெட்டி, தோளில் ஒரு பை. கூடவே பழைய போர்வையில் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டிய ஒரு கம்ப்யூட்டர். நகையெல்லாம் அங்கேயே கிடக்க, இதைப் போய் யாராவது சுமந்துகொண்டு வருவார்களா என்று உறவுக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். கல்யாணத்துக்கு முன்னால் தன் சம்பளத்தில் வாங்கியது, அதனால் எடுத்துவந்தேன் என்று மட்டும் அத்தை சொன்னாள். மேற்கொண்டு யாரும் கேட்கவில்லை.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. வேங்கிக்காலில் எங்கள் தெருவில் வேறு ஒரு வீட்டிலும் கம்ப்யூட்டர் கிடையாது. வீடே வாடிப்போயிருந்த அந்த நாட்களில், அத்தை இனிமேல் இங்கேதான் இருப்பாள் என்பதை நான் பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கம்ப்யூட்டரைக் கூடத்து ஜன்னல் ஓரம் வைத்தார்கள். அத்தை எனக்கென்று அதில் தனியாக ஒரு வாசல் ஏற்படுத்திக் கொடுத்தாள். என் பெயரை அமுக்கினால் என் விளையாட்டும் நான் வரைந்த படங்களும் மட்டும் வரும். அவளுடைய பக்கத்துக்குப் போக ரகசியச் சொல் வேண்டும். ஒரு விளையாட்டில் குட்டிக் கார் ஒன்று மலைப்பாதையில் ஏறிக்கொண்டே இருக்கும். மூன்று மாதமாக ஆடி, கடைசி மலை வரைக்கும் நான் வந்திருந்தேன்.

அப்பாவுக்குக் கலெக்டர் ஆபீஸில் வேலை. தங்கை திரும்பி வந்ததில் ஆடிப்போனவர், கொஞ்ச நாளில் ஒரு வெறியோடு வழக்கு வேலையில் இறங்கினார். விடுப்பு எடுத்துக்கொண்டு வக்கீலிடம் போவார். வந்து கூடத்தில் உட்கார்ந்து அம்மாவிடம் சொல்வார். அந்தப் பேச்சில் அடிக்கடி அடிபட்ட வார்த்தை 'வீடியோ'.

அது எனக்குப் பாதிதான் புரிந்தது. அத்தையின் கணவர் கம்ப்யூட்டர் மேல் ஒரு சின்னக் கேமராவை மாட்டி அத்தையைப் படமெடுத்திருக்கிறார், அதெல்லாம் இந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கிறது, அது கிடைத்தது நம் அதிர்ஷ்டம் என்று வக்கீல் சொல்கிறார். இவ்வளவுதான் என் காதில் விழுந்தது. அத்தை நடித்த படம் நம் வீட்டிலேயே இருக்கிறதா என்று எனக்கு ஒரே பரபரப்பு. ஒருநாள் அவளிடம் போய், எனக்கும் அதைக் காட்டுங்கள் என்று கேட்டேன். 

"அது நல்லா இருக்காது பாப்பா" என்றாள்.

கார்த்திகைத் தீபத்துக்கு முந்தின வாரம் அப்பா ஒரு முடிவோடு வந்தார். தீபம் முடிந்த மறுநாள் கம்ப்யூட்டரை ஆட்டோவில் ஏற்றி, கலெக்டர் ஆபீஸுக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோவது. அங்கே அந்தப் படங்களையெல்லாம் சிடியில் ஏற்றி வக்கீலிடம் கொடுத்துவிட்டால் கோர்ட்டில் போட்டுக் காட்டிவிடலாம்.

"நம்ம கடைதான். பசங்க எல்லாம் தெரிஞ்ச பசங்க. அரை மணி நேரத்துல முடிச்சிடுவாங்க" என்றார்.

அத்தை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "சரிண்ணா" என்றாள். தட்டில் இருந்த சோற்றை ஓரமாக ஒதுக்கி, பிறகு நடுவுக்குக் கொண்டுவந்து, மறுபடி ஓரமாக ஒதுக்கினாள். அம்மா மட்டும் தயங்கித் தயங்கி, அவளை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாமே என்றார். கேட்பதற்கு என்ன இருக்கிறது, இதெல்லாம் அவளுக்காகத்தானே என்றார் அப்பா. அவர் சொன்னது பொய்யில்லை. அவர் செய்ததெல்லாம் அவளுக்காகத்தான்.

மாமாவைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அவர் அம்மாவின் தம்பி. சென்னையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. ஆபீஸ் ஆபீஸாகப் போய்க் கெட்டுப்போன இயந்திரங்களைப் பிரித்துச் சரிசெய்து தருவார். வருஷத்துக்கு ஒரு முறை தீபத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். ஒரு காலத்தில் அத்தையை அவருக்குக் கொடுக்கலாம் என்று பேச்சு நடந்திருக்கிறது. முறைதான். வயதும் பொருந்தியது. ஆனால் பையிலே ஸ்க்ரூ டிரைவரோடு அலைகிற வேலை என்று அப்பா யோசித்தார். அதற்குள் பெங்களூரிலிருந்து பெரிய சம்பளக்காரர் வந்துவிட்டார். மாமா அத்தையின் கல்யாணத்தில் பந்தி பரிமாறினார். அவரும் அத்தையும் ஒருவரையொருவர் எந்த உறவு சொல்லியும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. 'என்னங்க', 'இருக்கீங்களா' என்று பொதுவாகவே பேசிக்கொள்வார்கள்.

அந்த வருஷத் தீபத்தன்று எனக்குக் காய்ச்சல். அப்பாவுக்குத் தீபத்துக்கான சிறப்புப் பணி, விடியும்போதே கிளம்பிவிட்டார். ஊரிலிருந்து பெரியப்பாவும் பெரியம்மாவும் வந்திருந்தார்கள். அவர்களை அழைத்துக்கொண்டு அம்மா, தேரடித் தெருவில் இருந்த சொந்தக்காரர் வீட்டு மாடிக்குப் போய்விட்டார். கூட்டத்தில் நாலு பேர் நாலு கேள்வி கேட்பார்கள் என்று அத்தை வெளியே போவதையே விட்டிருந்தாள். எனக்குத் துணையாக இருப்பதாகச் சொல்லி வீட்டில் தங்கிக்கொண்டாள்.

மதியம் மாமா வந்தார். வேலூர் ரோட்டில் போட்டிருந்த தற்காலிக பஸ் ஸ்டாண்டில் இறங்கி, கூட்டத்துக்கு எதிர்த்திசையில் நடந்து வந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அத்தை அவருக்குச் சாப்பாடு போட்டாள். அவர் கைகழுவி வந்ததும் கேட்டாள்.

"கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோவா இருக்குது. கொஞ்சம் பாக்கறீங்களா?"

மாமா அதைப் போட்டுப் பார்த்தார். ஸ்லோவாகவெல்லாம் இல்லையே என்றார்.  நான் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அத்தை என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"உள்ள இருக்கறது எல்லாம் போவணும்."

"எல்லாம்னா?"

"எல்லாமே. ஒண்ணுகூட இருக்கக்கூடாது. யாரு தேடுனாலும் கெடைக்கக்கூடாது."

மாமா நாற்காலியைத் திருப்பிக்கொண்டு அவளைப் பார்த்து உட்கார்ந்தார். "மாமாவுக்குத் தெரியுமா?" என்றார். அப்பாவைத்தான் சொன்னார். தெரியாது என்று அத்தை தலையாட்டினாள்.

"கேசுக்கு வேணும்னு அக்கா சொல்லுச்சி."

"நாளைக்கு ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துட்டுப் போறாரு" என்றாள் அத்தை. அவ்வளவுதான் சொன்னாள். அழவில்லை. அவள் குரலும் மாறவில்லை.  மாமா எழுந்துபோய்த் தன் பையைத் திறந்து இரண்டு சிடிகளை எடுத்துவந்தார்.

நான் சும்மா இருக்கவில்லை. வேண்டாததை டெலீட் செய்தால் போதாதா, எங்கள் கம்ப்யூட்டர் மிஸ் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார் என்றேன். டெலீட் செய்தால் பெயர்தான் போகும், சமாச்சாரம் உள்ளேயே கிடக்கும், தெரிந்தவன் தோண்டி எடுத்துவிடுவான் என்றார் மாமா. அதனால் முதல் சிடியைப் போட்டு மூலைமுடுக்கெல்லாம் சைபர் சைபராக எழுதிவிட வேண்டும். அதற்குப் பிறகு இரண்டாவது சிடியைப் போட்டால் கம்ப்யூட்டருக்குப் புதிதாக உயிர் வரும். கடையிலிருந்து அன்றைக்குத்தான் வாங்கிவந்த மாதிரி ஆகிவிடும்.

"என் காரு மாமா?"

மாமா அத்தையைப் பார்த்தார். அத்தை என்னைப் பார்த்தாள். அதுவரை அவர்கள் இரண்டு பேருக்குமே அந்தக் கார் ஞாபகத்தில் இல்லை.

"அதுவும் போயிடும் பாப்பா. வேற போட்டுத் தரேன்" என்றார் மாமா.

நான் அழ ஆரம்பித்தேன். கடைசி மலை வரைக்கும் வந்தது, மூன்று மாதம் ஆடியது எல்லாவற்றையும் சொல்லிச் சொல்லி அழுதேன். அத்தை என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். மாமா முதல் சிடியைப் போட்டதும் திரை கறுப்பாகி, வெள்ளை எழுத்தில் ஏதோ கேட்டது. மாமா கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துக்கொண்டார்.

"இதுக்கு மேல திரும்பி வராதுங்க. வாணாம்னா இப்பவே சொல்லிடுங்க."

"நானே அமுக்கறேன்" என்றாள் அத்தை.

என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி அமுக்கினாள். ஒரே ஒரு விரல்தான். கறுப்புத் திரையில் எண்கள் ஓடத் தொடங்கின. ஒன்று என்று காட்டியது. வெகுநேரம் கழித்து இரண்டு என்றது. மாமா வாசல்படிக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். அத்தை திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவள் உடம்பு மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது. என் காய்ச்சல் அத்தைக்கும் ஒட்டிக்கொண்டது என்று நினைத்தேன். அதற்காக ஒரு பக்கம் வருத்தமாகவும், என் காரை அழித்ததற்கு வேண்டியதுதான் என்றும் இருந்தது.

சாயங்காலம் தெருவெல்லாம் அரோகரா என்று குரல் எழுந்தது. மலையில் தீபம் ஏற்றிவிட்டார்கள். மாமா என்னை மாடிக்குத் தூக்கிப்போய்க் காட்டினார். அத்தை வரவில்லை. நாங்கள் இறங்கி வந்தபோது வாசலில் அகல் விளக்குகளை ஏற்றி வைத்துவிட்டு, மறுபடி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். முதல் சிடி வேலையை முடித்திருந்தது. மாமா இரண்டாவதைப் போட்டார். நீலத் திரை வந்தது. மஞ்சள் பட்டை ஒன்று இடமிருந்து வலமாக நகர்ந்தது. நடுவில் ஒரு இடத்தில் நின்று, உரிமையாளரின் பெயரைக் கேட்டது.

"பேர் என்ன போடட்டும்?" என்றார் மாமா.

முன்பு அதில் அத்தையின் பெயரோடு கணவர் பெயரும் சேர்ந்திருக்கும். அத்தை தன் பெயரை மட்டும் சொன்னாள். மாமா எழுத்து எழுத்தாக அதைத் தட்டினார். எல்லாம் முடிந்து புதிய திரை வந்தபோது அதில் ஒன்றுமே இல்லை. மூலையில் குப்பைக்கூடை மாதிரி ஒரு சின்னப் படம் மட்டும் இருந்தது. அத்தை நீளமாக மூச்சு விட்டாள். பெங்களூரிலிருந்து வந்த பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். குப்பைக்கூடையும் காலியாகத்தான் இருக்குமா என்று மாமாவிடம் கேட்டுவிட்டுச் சிரித்தாள். அவரும் சிரித்தார்.

அம்மாவும் பெரியப்பாவும் பெரியம்மாவும் திரும்பிவந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அப்பாவும் வந்தார். மாமா இரண்டு சிடிகளையும் பைக்குள் வைத்துவிட்டு, தானாகவே எழுந்து நின்று சொன்னார். கம்ப்யூட்டரில் கோளாறு இருந்தது, பார்மட் செய்து புதிதாகப் போட்டுவிட்டேன் என்றார்.

முதலில் அப்பாவுக்குப் புரியவில்லை. "அப்ப அந்த வீடியோ?" என்றார்.

"போயிடுச்சி மாமா."

"போயிடுச்சின்னா? எங்கன்னா எடுத்து வெச்சிருப்ப இல்ல?"

"இல்ல மாமா. எடுத்து வெக்கல."

பெரியப்பாதான் முதலில் குரலை உயர்த்தினார். இதே பிழைப்பாக இருக்கிறவனுக்கு இதுகூடவா தெரியாது என்றார். வீட்டுக்காரரைக் கேட்காமல் கைவைக்க யார் சொன்னது என்றார். அப்பா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. மாமாவைப் பார்க்க அதைவிடப் பாவமாக இருந்தது. செய்யாத தப்புக்குத் திட்டு வாங்கினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆகவே நடுவில் போய் நின்று உண்மையைச் சொன்னேன்.

"மாமா இல்லப்பா. அத்தைதான் அமுக்குனாங்க."

 அப்பா தலையைத் தூக்கி அத்தையைப் பார்த்தார். அத்தை சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அப்பா என் பக்கம் திரும்பிவிட்டார்.

"பெரியவங்க பேசும்போது குறுக்க வராத. உள்ள போ."

பிறகு எழுந்தார். அதுவரை குரலை உயர்த்தாதவர், தெருவுக்கே கேட்கும்படி மாமாவைத் திட்டினார். பெண் கொடுக்கவில்லை என்று மனதில் வைத்திருந்து பழி தீர்த்துவிட்டான் என்றார். என் தங்கையின் வழக்கைக் கெடுத்தவனுக்கு இனி இந்த வீட்டில் வேலையில்லை என்றார்.

 "தப்பு என்மேலதான் மாமா" என்றார் அவர். பையை எடுத்துக்கொண்டார். அம்மா சமையலறைக்கு ஓடி, செய்துவைத்திருந்த பொரி உருண்டையைக் காகிதத்தில் சுற்றி அவர் கையில் திணித்தார். மாமா அத்தை பக்கம் திரும்பாமலே வாசலில் இறங்கிப் போனார். அகல் விளக்கு ஒன்றில் கால் பட்டு எண்ணெய் கொட்டியது. அவர் குனிந்து அதை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனார்.

நான் உண்மையைச் சொன்னேன், அது எடுபடவில்லை. இத்தனை பெரியவர்கள் சேர்ந்து ஒன்றைச் சொல்லும்போது நான் பார்த்ததுதான் தவறாக இருக்கும் என்று தோன்ற ஆரம்பித்தது. அத்தையின் விரலைப் பிடித்து மாமாதான் அமுக்க வைத்தாரோ என்று யோசித்தேன். சில வாரங்களில் அப்படித்தான் நடந்தது என்று நிச்சயமாகிவிட்டது. அடுத்த தீபத்துக்கு மாமா வரவில்லை. அதற்கடுத்த தீபத்துக்கும் வரவில்லை. காரும் வரவில்லை. எனக்கு அவர்மேல் கோபம் வளர்ந்தது.

வழக்கு இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் இரண்டு தரப்பும் சம்மதித்துப் பிரிவதாக எழுதிக்கொடுத்து முடித்துக்கொண்டார்கள். நகையில் பாதிகூடத் திரும்பவில்லை. அத்தை செங்கத்தில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தாள். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறாள், தனியாக.

எல்லாவற்றையும் அம்மாவும் அத்தையும் எனக்குச் சொன்னது நான் வேலைக்குப் போன பிறகு. அத்தை அழும்போதெல்லாம் அந்த மனிதர் அதைப் படமெடுத்து வைப்பாராம். பிறகு நண்பர்கள் வரும்போது போட்டுக் காட்டிச் சிரிப்பாராம். அது அவர் கையில் இருக்கக்கூடாது என்றுதான், நகையை விட்டுவிட்டு அவள் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள். வந்த இடத்தில் சொந்த அண்ணனே அதை ஜெராக்ஸ் கடையிலும் கோர்ட்டிலும் போட்டுக் காட்டத் தயாரானார்.

அப்பா ஏன் மாமாவை அப்படித் தவறாக நினைத்துவிட்டார் என்று அம்மாவைக் கேட்டேன்.

"யாரு தப்பா நெனச்சாங்க? நீ சொன்னதுமே உங்கப்பாவுக்குத் தெரிஞ்சிடுச்சி" என்றார் அம்மா.

அவள் தானே அழித்தாள் என்று வெளியே போனால், எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். மறைக்க ஏதோ இருந்திருக்கிறது என்பார்கள். பெரியப்பா காதில் விழுந்தால் ஊருக்கே விழுந்த மாதிரி. அந்த ஒரு நொடியில் அப்பாவுக்குத் தங்கையைக் காப்பாற்ற வேறு வழி தெரியவில்லை. பழியை மச்சான்மேல் போட்டார். மச்சானும் அதைப் புரிந்துகொண்டு வாங்கிக்கொண்டார். மறுநாளே அத்தை அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதிருக்கிறாள். அப்பாவும் அழுதிருக்கிறார். ஆனால் மச்சான்தான் அழித்துவிட்டான் என்று வக்கீலிடம் சொன்னது சொன்னதுதான். அந்த மச்சான் இனி வீட்டுப் பக்கம் வரவே கூடாது, வந்தால் அதையும் வேறு விதமாகக் கதை கட்டுவார்கள் என்று வக்கீல் எச்சரித்திருக்கிறார். வழக்கு முடிய வருஷங்கள் ஆயின. அதற்குள் மாமாவுக்கு வயது ஏறிக்கொண்டே போனது. அவரைப் பெற்றவர்கள் பெண் பார்த்துவிட்டார்கள். அன்றைக்கு அத்தைக்காக அதைச் செய்யாமலிருந்தால், பின்னால் ஒருநாள் அவர் அவளைக் கேட்டிருக்க முடியும். செய்துவிட்டதால் கேட்க முடியாமல் போனது. அப்பா இதைப் பற்றி இதுவரை என்னிடம் பேசியதில்லை. ஓய்வுபெற்று வீட்டில் இருக்கிறார். தீபத்தன்று சாப்பிட உட்கார்ந்தால் இரண்டு வாயோடு எழுந்துவிடுகிறார்.

அன்றைக்கு நடந்த சண்டையை எங்கள் வீட்டுக்குள் நிஜம் என்று நம்பியவள் நான் ஒருத்திதான்.

மாமாவின் கல்யாணம் ஆரணியில் நடந்தது. நான் அப்போது எட்டாம் வகுப்பு. அப்பா வரவில்லை. ஆனால் கடைக்குத் தானே போய்ப் பட்டு வேட்டியும் சட்டையும் தேடி எடுத்து, அம்மாவிடம் கொடுத்தனுப்பினாராம். யார் எடுத்தது என்று சொல்ல வேண்டாம் என்றாராம். மண்டபத்தில் மாமா என்னைப் பார்த்ததும் மேடைக்குக் கூப்பிட்டார். எந்த வகுப்பு, எப்படிப் படிக்கிறாய் என்று கேட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னேன்.

"அத்தை எப்படி இருக்காங்க?" என்றார்.

"நல்லா இருக்காங்க" என்று சொல்லிவிட்டு மடமடவென்று இறங்கிவந்துவிட்டேன். எவ்வளவு துணிச்சல் இருந்தால் அவளைப் பற்றிக் கேட்பார் என்று இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அத்தை என்னை முன்னால் உட்காரவைத்துப் பின்னலைப் பிரித்தாள். காலையில் பூவைத்துப் பின்னிவிட்டதும் அவள்தான். என்ன சாப்பாடு போட்டார்கள் என்று கேட்டாள். கூட்டம் ஜாஸ்தியா கம்மியா என்று கேட்டாள். பெண் என்ன நிறத்தில் புடவை கட்டியிருந்தாள் என்று கேட்டாள். கடைசியில், "பொண்ணு எப்படி இருக்கா?" என்றாள்.

பெண் அழகாகத்தான் இருந்தாள். ஆனால் அத்தைக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று, "நல்லாவே இல்லத்த. மாமாவுக்கு நல்லா வேணும்" என்றேன்.

என் தலையில் அவள் விரல்கள் நின்றன.

"அப்படிலாம் சொல்லக்கூடாது பாப்பா" என்றாள். "அவரு நல்லா இருக்கணும்."

பிறகு மீதிப் பின்னலையும் நிதானமாக, ஒரு முடி இழுபடாமல் பிரித்து முடித்தாள். இவ்வளவு பெரிய கெடுதல் செய்தவரை இத்தனை சுலபமாக மன்னித்துவிட்டாளே, எங்கள் அத்தைக்கு விவரம் போதாது என்று நினைத்துக்கொண்டு நான் எழுந்து போனேன்.